நினைவு நாளில் ஓடும் பந்தயம்: சோமர்வில்லின் விட்டுப்போன நான்கு ஆண்டுகள்

அமெரிக்காவின் சோமர்வில் சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்தவர்களின் பட்டியலை யார் எடுத்துப் பார்த்தாலும் முதல் மூன்று வரிகளிலேயே கண் நின்றுவிடும். 1940: பர்மன் குக்லர். 1941: பர்மன் குக்லர். 1942: கார்ல் ஆண்டர்சன். அடுத்த வரி 1947. நடுவே நான்கு ஆண்டுகளைக் காணோம். 1947இல் பந்தயத்தின் பெயரும் நீண்டுவிடுகிறது. அதுவரை 'டூர் ஆஃப் சோமர்வில்' என்று இருந்தது, அதன் பிறகு 'குக்லர்-ஆண்டர்சன் நினைவு டூர் ஆஃப் சோமர்வில்' ஆகிறது. இடைவெளிக்கு முன்னால் இந்தப் பந்தயத்தில் ஜெயித்தவர்கள் மொத்தமே இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் தலைப்பில் ஏறிவிட்டார்கள்.

இருவரும் இரண்டாம் உலகப் போரில் இறந்தார்கள், போருக்குப் பின் பந்தயம் திரும்ப வந்தபோது அவர்கள் பெயரைச் சூட்டினார்கள். எந்தக் குறிப்பைப் புரட்டினாலும் இந்த ஒரு வாக்கியத்தோடு விஷயம் முடிந்துவிடுகிறது. வாக்கியத்தில் பிழை இல்லை. ஆனால் எனக்கு அது போதவில்லை. 1941 டிசம்பரிலேயே அமெரிக்கா போரில் இறங்கிவிட்டதே, 1942 மே மாதம் எப்படிப் பந்தயம் நடந்தது? ஆண்டின் எல்லா நாட்களையும் விட்டுவிட்டு மே 30ஐ ஏன் பிடித்தார்கள்? அமெரிக்காவில் சைக்கிள் பந்தயமே அழிந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு சிற்றூரின் பந்தயம் மட்டும் எப்படிப் பிழைத்தது? இந்தக் கேள்விகளோடு விளையாட்டுப் பக்கங்களைத் தேடினால் யார் ஜெயித்தார் என்று தெரியும், காரணம் தெரியாது. காரணம் சட்டப் புத்தகத்திலும், விடுமுறை நாட்காட்டியிலும், ரேஷன் ஆணைகளிலும், போரில் மாண்டவர் பட்டியல்களிலும் சிதறிக் கிடந்தது.

ஊர்

சோமர்வில் நியூ ஜெர்சி மாநிலத்தின் நடுவில் இருக்கிறது. சாமர்செட் கவுண்டியின் தலைமையூர். மக்கள் தொகை ஏறக்குறைய 12,000. நியூ ஜெர்சித் தமிழர்கள் பலர் இந்த ஊரின் பக்கமாகப் போய்வந்திருப்பார்கள், ஏனென்றால் பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரர் கோயில் இதற்கு அடுத்த ஊர்தான்.

ஊர் சிறியதே தவிர, காப்பகங்களில் அதன் பெயர் சிறியதல்ல. 1778-79 குளிர்காலத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் தங்கிய வாலஸ் வீடு இங்கேதான் இருக்கிறது. பாடகரும் நடிகருமான பால் ராப்சன் 1915இல் இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்தார். 1926இல் நாடே பேசிய ஹால்-மில்ஸ் கொலை வழக்கு இங்குள்ள நீதிமன்றத்தில் நடந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மனியோடு அமெரிக்காவுக்கு இருந்த பகையைச் சட்டப்படி முடித்துவைத்த தீர்மானத்தில், 1921 ஜூலை 2 அன்று குடியரசுத் தலைவர் ஹார்டிங் கையெழுத்திட்டது பக்கத்து ஊரான ராரிட்டனில். ஆகவே சோமர்வில் என்று தேடினால் வாஷிங்டனும் கொலை வழக்கும் முன்னால் வந்து நிற்கும். சைக்கிள் பந்தயத்தைத் தேடுகிறவர் இவற்றையெல்லாம் தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

அங்கே ஒரு சைக்கிள் கடைக்காரர் இருக்கிறார். பெயர் பிரெட் குக்லர். ஊரார் 'பாப்' குக்லர் என்றார்கள். தாமே பந்தயம் ஓட்டியவர். மகன் பர்மன், மகள் மில்ட்ரட் இருவரும் பந்தய சைக்கிளில் ஏறினார்கள். 1940 மே 30 அன்று சோமர்வில் தெருக்களில் அவர் ஒரு பந்தயத்தை நடத்தினார். அவருடைய மகனே ஜெயித்தார்.

களங்கள் மூடிய பிறகு

குக்லர் ஏன் ஒரு பந்தயத்தை உருவாக்க வேண்டியிருந்தது என்பது அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளைப் பார்த்தால்தான் தெரியும். இன்று நம்ப முடியாது, ஒரு காலத்தில் நியூ ஜெர்சி அமெரிக்க சைக்கிள் ஓட்டத்தின் தலைமை இடம். நியூவர்க் நகரில் 1911இல் கட்டிய மரத்தள ஓட்டக்களத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். பிராங்க் கிரேமர் என்ற வீரர் 1901 தொடங்கித் தொடர்ந்து 16 ஆண்டுகள் தேசியத் தொழில்முறை விரைவோட்டப் பட்டத்தை யாருக்கும் விடவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஓட்டக்காரர்கள் பிழைப்புத் தேடி நியூவர்க்குக்கு வந்தார்கள்.

1930இல் நியூவர்க் களம் மூடப்பட்டது. பொருளாதார வீழ்ச்சியில் சம்பளம் கொடுக்க ஆளில்லை. 1933இல் நட்லி என்ற ஊரில் இன்னொரு மரத்தளம் எழுந்தது, ஆனால் 1930கள் முடிவதற்குள் அங்கேயும் சைக்கிள் ஓட்டம் நின்றுபோனது. இதே ஆண்டுகளில் அமெரிக்க சைக்கிள் தொழிற்சாலைகளும் திசை மாறின. ஷ்வின் நிறுவனம் 1933இல் கொண்டுவந்த பருமனான டயர் சைக்கிள் சிறுவர்களுக்கானது. பெரியவர்கள் காரில் போனார்கள். சைக்கிள் என்றால் பள்ளிப் பிள்ளையின் பிறந்தநாள் பரிசு என்று ஆகிவிட்டது.

இந்தப் பின்னணியில் 1940ஐ வைத்துப் பாருங்கள். ஒரு சைக்கிள் கடைக்காரர், பந்தயம் தெரிந்தவர், நாட்டிலேயே முன்னணியில் ஓட்டும் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஓட்டுவதற்குக் களம் இல்லை. மிச்சம் இருந்தது தெரு மட்டும்தான். தெருவுக்கோ சட்டம் தடையாக நின்றது.

சட்டமும் தெருவும்

பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவதை மாநிலச் சட்டம் அனுமதிக்கவில்லை. பந்தயம் என்று பெயர் வைத்தால் போலீஸ் நிறுத்தும், 'டூர்' என்று வைத்தால் அது சுற்றுலா. குக்லர் வைத்த பெயருக்கு ஊரில் வழிவழியாகச் சொல்லும் காரணம் இதுதான். பிரான்ஸின் பெரிய பந்தயத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வைத்த பெயர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். டூர் டி பிரான்ஸ் ஊர் ஊராகப் போகும் பந்தயம். சோமர்வில் பந்தயம் ஊரைவிட்டு வெளியே போவதே இல்லை.

இந்த வகைப் பந்தயம் எப்படி நடக்கும் என்பதை அறிந்தால்தான் ஒரு சிற்றூருக்கு அது ஏன் பொருந்தியது என்பது விளங்கும். ஊருக்குள்ளேயே சில தெருக்களை அடைத்து ஒரு சுற்றுப் பாதை வகுப்பார்கள். ஓட்டக்காரர்கள் அதையே திரும்பத் திரும்பச் சுற்றி மொத்தத் தூரத்தை முடிக்க வேண்டும். சோமர்வில்லில் வழக்கமான தூரம் 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர். நீண்ட சாலைப் பந்தயத்தில் ஒரு இடத்தில் நிற்கிற பார்வையாளர், ஓட்டக்காரர் கூட்டத்தை ஒரே முறைதான் பார்ப்பார். இங்கே கடை வாசலில் நிற்கிறவருக்கு அதே கூட்டம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வந்து போகும்.

ஓட்டக்காரருக்கு இது வேறு விதமான சோதனை. எதிர்க்காற்றின் சுமையை முன்னால் போகிறவர் ஏற்கிறார். பின்னால் ஒட்டிப் போகிறவருக்குச் சிரமம் கணிசமாகக் குறையும். எனவே தனியாக விலகி ஓட எல்லாரும் அஞ்சுவார்கள். ஆனால் தெரு மூலைக்கு மூலை திரும்புகிறது. ஒவ்வொரு மூலையிலும் முன்னால் இருப்பவர் வேகத்தை அதிகம் குறைக்காமல் திரும்பிவிடுவார். பின்வரிசையில் இருப்பவர் நெரிசலில் பிரேக் போட்டு, திரும்பியதும் எழுந்து நின்று மிதித்துத்தான் கூட்டத்தைப் பிடிக்க வேண்டும். சுற்றுக்குச் சுற்று இப்படி மிதித்து மிதித்தே பின்வரிசை களைத்துப் போகும். நடுவில் மணி அடித்தால் அந்தச் சுற்றுக்கு மட்டும் தனிப் பரிசு என்று பொருள். ஓட்டக்காரர்கள் அதைப் 'பிரீம்' என்பார்கள். ஊர்க் கடைக்காரர்கள் கொடுக்கும் இந்தச் சின்னச் சின்னப் பரிசுகளால் கூட்டம் சோம்பி ஓட முடியாது. கடைக்காரருக்கும் தன் பெயர் ஒலிபெருக்கியில் கேட்கும். ஊரும் பந்தயமும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது.

மே 30

அடுத்தது நாள். 1940 மே 30 வியாழக்கிழமை. வார நடுவில் ஒரு சிற்றூரின் தெருக்களை அடைக்க முடிந்ததென்றால் அன்று விடுமுறையாக இருக்க வேண்டும். விடுமுறைதான், மெமோரியல் டே. அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாண்ட வீரர்களின் கல்லறைகளுக்குப் பூ வைப்பதற்காக 1868 மே 30 அன்று தொடங்கிய நாள். முதல் உலகப் போருக்குப் பின் எல்லாப் போர்களிலும் மாண்டவர்களுக்குமான நாளாக விரிந்தது.

இந்த நாளுக்கும் சக்கரத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1890களில் இதே நியூ ஜெர்சியில் இர்விங்டன்-மில்பர்ன் சாலைப் பந்தயம் இந்த நாளில்தான் நடந்தது. சிகாகோவின் புல்மன் பந்தயமும் இதே நாளில். 1911 மே 30 அன்று இண்டியானாபொலிஸில் முதல் 500 மைல் கார்ப் பந்தயம் நடந்தது. கோடை தொடங்கும் விடுமுறை, சாலை காய்ந்திருக்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். காலையில் கல்லறைக்குப் போய்வந்தவர்கள் பிற்பகலில் பந்தயம் பார்த்தார்கள். 1940இல் குக்லர் மே 30ஐத் தேர்ந்தெடுத்ததில் தனியாக ஒரு துயரமும் இல்லை. எல்லாரும் பந்தயம் வைக்கும் நாளில் அவரும் வைத்தார்.

ஆனால் அந்த வியாழக்கிழமை உலகம் எப்படி இருந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அன்று டன்கிர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளைக் கப்பல்களில் ஏற்றி மீட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு டூர் டி பிரான்ஸ் நடக்கவில்லை. டோக்கியோவுக்கும் பிறகு ஹெல்சின்கிக்கும் என்று திட்டமிட்ட ஒலிம்பிக் போட்டியும் ரத்தாகிவிட்டது. ஐரோப்பாவில் சைக்கிள் பந்தயங்கள் ஒவ்வொன்றாக நின்ற வேளையில் நியூ ஜெர்சியில் ஒன்று தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவும் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பந்தயம் ஓட்டும் வயதும் படைக்கு எடுக்கும் வயதும் ஒன்றுதான்.

1942: ரப்பர்

1942 பந்தயம் எனக்கு மிகவும் புதிராக இருந்தது. அந்த ஆண்டு இண்டியானாபொலிஸ் கார்ப் பந்தயம் நடக்கவில்லை. 1941 டிசம்பர் கடைசியிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். மே 15 முதல் கிழக்கு மாநிலங்களில் பெட்ரோலுக்கு ரேஷன். மோட்டார்கள் ஓய்ந்த அந்த மே 30 அன்று சோமர்வில்லில் சைக்கிள்கள் ஓடின, கார்ல் ஆண்டர்சன் ஜெயித்தார்.

சைக்கிளுக்குப் பெட்ரோல் வேண்டாம், அதனால் நடந்தது என்று சொல்லிவிடலாம். ரேஷன் ஆணைகளைத் தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தால் அது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது என்று தெரிகிறது. அமெரிக்க அரசு முதலில் ரேஷனில் வைத்த பொருள் சர்க்கரை அல்ல, டயர். 1942 ஜனவரியிலேயே அது வந்துவிட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் பெரியவர்களுக்கான புதிய சைக்கிள் விற்பனையை நிறுத்தி வைத்தார்கள். சிறுவர் சைக்கிள் உற்பத்தி தடை செய்யப்பட்டது. தொழிற்சாலைகள் குரோமியப் பூச்சு இல்லாத, எடை குறைந்த 'விக்டரி' சைக்கிள் மட்டும் செய்யலாம் என்றானது. ஜூலையில் சைக்கிளே ரேஷனுக்கு வந்தது. வேலைக்குப் போகத் தேவை என்று காட்டினால்தான் வாங்க முடியும்.

மே 30 இந்தத் தேதிகளுக்கு நடுவில் விழுகிறது. கடையில் புதிய சைக்கிள் வாங்க முடியாது, ஆனால் கையில் இருப்பதை ஓட்டத் தடை இல்லை. 1942இல் ஓடியவர்கள் ஏற்கெனவே வைத்திருந்த வண்டியில், ஏற்கெனவே வைத்திருந்த டயரில் ஓடினார்கள். ஒரு சைக்கிள் கடைக்காரர் நடத்திய பந்தயம் அது. விற்பதற்குச் சரக்கில்லாத மாதத்தில் அதை நடத்தியிருக்கிறார். விளம்பரத்துக்காக நடத்தினார் என்று சொல்வதற்கு இங்கே இடமே இல்லை.

டயர் ஏன் முதலில் போனது என்று கேட்டால் அந்தப் பதில் தமிழர்களிடம் வந்து நிற்கிறது. அமெரிக்காவுக்கு வந்த இயற்கை ரப்பரில் மிகப் பெரும்பகுதி மலாயாவிலிருந்தும் டச்சு இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் வந்தது. மலாயாவில் ஐரோப்பியர் வைத்திருந்த தோட்டங்களில் விடிவதற்கு முன் எழுந்து பால் மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்ட கூலிகளும் அவர்கள் பிள்ளைகளும். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. நியூ ஜெர்சியில் டயர் கிடைக்காமல் போனதும், மலாயாத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டு காடுகளில் மாண்டதும் ஒரே படையெடுப்பின் விளைவுகள். சோமர்வில் பந்தயத்தின் வரலாற்றைத் தேடப் போன எனக்கு ஒரு ரேஷன் ஆணைக்குப் பின்னால் நம் ஆட்கள் நின்றார்கள். விளையாட்டு வரலாறு என்று தனியாக ஒன்று இல்லை என்பது அந்த இடத்தில் எனக்கு உறுதியாயிற்று.

எண்களில் இறந்தவர்கள்

1943இல் பந்தயம் இல்லை. 44, 45, 46இலும் இல்லை. ஓட வேண்டியவர்கள் படையில் இருந்தார்கள். இந்த ஆண்டுகளின் சுவடு வேறு வகைக் காகிதங்களில்தான் இருக்கிறது.

அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்தவர்களின் அட்டைகளில் சுமார் 90 லட்சம் பதிவுகளைத் தேசியக் காப்பகம் கணினியில் ஏற்றியிருக்கிறது. மூல அட்டைகள் இப்போது இல்லை. அவற்றை நுண்படமாக எடுத்து, அந்தப் படத்தை இயந்திரம் படித்து உருவாக்கிய தொகுப்பு என்பதால் சில பெயர்கள் சிதைந்திருக்கும். பெரும்பாலோருக்கு எட்டு இலக்கப் படை எண் உண்டு. அந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் அது கொஞ்சம் பேசும். 32 என்று தொடங்கினால் அவர் கட்டாயச் சேர்ப்பில் வந்தவர், நியூயார்க், நியூ ஜெர்சி, டெலவேர் பகுதியைச் சேர்ந்தவர். 12 என்று தொடங்கினால் அதே பகுதியிலிருந்து தானாகப் பதிவு செய்துகொண்டவர். முன்பு என்ன தொழில் செய்தார் என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன ஓட்டினார் என்பதற்குக் கட்டம் இல்லை.

இறந்தவர்களுக்கு 1946இல் பட்டியல் அச்சிட்டார்கள். தரைப்படையும் அதன் விமானப் படையும் ஒரு பட்டியல்: மாநிலம், அதற்குள் கவுண்டி, அதற்குள் அகர வரிசை. ஒரு வரியில் பெயர், எண், பதவி, கடைசியில் இரண்டு மூன்று எழுத்துக் குறி. சண்டையில் மாண்டவர், காயத்தால் மாண்டவர், விபத்திலோ நோயிலோ மாண்டவர், மரணம் என்று தீர்மானிக்கப்பட்டவர் என்று அந்தக் குறி பிரிக்கும். கடற்படைக்கு வேறு பட்டியல். அதில் பெயரோடு நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் இருக்கும். பக்கம் பக்கமாக அப்பா, அம்மா, மனைவி என்று படித்துக்கொண்டு போவது எளிதான வேலை அல்ல. இருபத்தைந்து வயதுக்குள் இருந்தவர்களின் வரிகளில் நிறைய அப்பா, அம்மா பெயர்கள்.

ஆண்டர்சன் போன்ற பெயரைத் தேடுவதில் தனிச் சிக்கல். ஸ்வீடன் நாட்டு வழியில் வந்த குடும்பங்களில் அது நம் ஊர் முருகேசன் போல. கார்ல் ஆண்டர்சன்கள் எல்லா மாநிலத்திலும் இருப்பார்கள். தனிநபர் கோப்பைப் பார்த்து உறுதிசெய்யலாம் என்றால் அங்கேயும் ஒரு நெருப்பு குறுக்கே நிற்கிறது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் படைவீரர் ஆவணக் கிடங்கில் பற்றிய தீயில், 1912க்கும் 1960க்கும் இடையில் பணி முடித்த தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் எரிந்தன. கோடிக்கு மேற்பட்ட கோப்புகள். நாட்டின் ஆவணக் கிடங்கு இழந்ததை ஒரு சைக்கிள் பந்தயத்தின் தலைப்பு வைத்திருக்கிறது. இந்த இரண்டு இளைஞர்களும் ஓட்டக்காரர்கள், இருவரும் ஒரே பந்தயத்தில் ஜெயித்தவர்கள், இருவரும் போரில் மாண்டவர்கள் என்ற மூன்று செய்திகளும் அரசாங்கத்தின் எந்தப் பட்டியலிலும் ஒரே வரியில் இல்லை. சோமர்வில்லில் மட்டும் இருக்கின்றன.

மில்ட்ரட்

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1940இல் பர்மன் குக்லர் சோமர்வில்லில் ஜெயித்ததோடு அமெரிக்க அமெச்சூர் தேசியப் பட்டத்தையும் வென்றார். அதே 1940இல் பெண்கள் பிரிவில் தேசியப் பட்டம் வென்றவர் அவர் சகோதரி மில்ட்ரட். ஒரே ஆண்டில், ஒரே வீட்டில், ஒரு சைக்கிள் கடைக்காரரின் பிள்ளைகள் இருவரிடமும் நாட்டின் இரண்டு பட்டங்கள்.

பெண்களுக்கான அமெரிக்கத் தேசியப் பட்டம் 1937இல்தான் தொடங்கியது. அதை முதலில் வென்ற டோரிஸ் காப்ஸ்கியும் நியூ ஜெர்சிக்காரர். அவர் தந்தை 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் சைக்கிள் ஓட்டியவர். உலகச் சாம்பியன் போட்டியில் பெண்களுக்கு இடம் கிடைத்தது 1958இல். ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் 1984இல். அதாவது மில்ட்ரட் பட்டம் வென்ற நாளில் அவருக்கு மேலே ஏறுவதற்கு உலகில் ஒரு படியும் இல்லை. பந்தய வரலாறு என்று ஆண்கள் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இந்தப் பெண் கண்ணிலேயே படமாட்டார். சோமர்வில் பெண்கள் பந்தயத்துக்கு இன்று அவர் பெயர் இருக்கிறது. சகோதரர் பெயர் ஆண்கள் பந்தயத்திலும் சகோதரி பெயர் பெண்கள் பந்தயத்திலும் நிற்பது தகுதியானது. சகோதரருக்கு அது சாவுக்காக வந்தது, சகோதரிக்கு அவர் ஓடிய ஓட்டத்துக்காக வந்தது என்ற வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது தொடக்கம்

இனி 1947. அந்த ஆண்டு மே 30 வெள்ளிக்கிழமை. டூர் டி பிரான்ஸும் எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் அந்த ஜூன் மாதம்தான் திரும்ப வந்தது. ஆனால் பிரான்ஸில் சைக்கிள் பந்தயம் மக்களின் உயிர். அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். பெட்ரோல் ரேஷன் போய்விட்டது, கார் தொழிற்சாலைகள் இரவும் பகலும் ஓடின. களங்கள் இல்லை, பணம் இல்லை, பத்திரிகைகளுக்கும் அக்கறை இல்லை. நின்றுபோன ஒரு சிற்றூர்ப் பந்தயத்தை அப்படியே விட்டுவிட எல்லாக் காரணமும் இருந்தது. தொடங்கியவரின் மகன் வேறு உயிரோடு இல்லை.

அப்படியும் பந்தயம் திரும்ப வந்தது, இரண்டு பெயர்களோடு வந்தது. என் தேடலின் முடிவு இங்கேதான் இருக்கிறது. 1940இல் மே 30 ஒரு வசதியான விடுமுறை. 1947இல் தேதி மாறவில்லை, ஆனால் அந்தத் தேதியின் பொருள் மாறிவிட்டது. போரில் மாண்டவர்களை நினைக்கும் நாளில், போரில் மாண்ட இரண்டு வெற்றியாளர்களின் பெயரில், அவர்கள் ஓடிய ஊரில் பந்தயம் நடக்கிறது. விடுமுறைக்குப் பந்தயம் என்றிருந்தது, பந்தயமே நினைவுச் சடங்கு என்று ஆனது.

இதற்கு நாட்காட்டியிலேயே ஒரு சோதனை இருக்கிறது. 1968இல் அமெரிக்க நாடாளுமன்றம் சில விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்கு மாற்றிச் சட்டம் இயற்றியது. 1971 முதல் மெமோரியல் டே மே மாதத்தின் கடைசித் திங்கள் ஆனது. சோமர்வில் பந்தயம் மே 30இல் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை, திங்கட்கிழமைக்கு நகர்ந்தது. அது கட்டுண்டிருந்தது தேதியோடு அல்ல, அந்த நாளோடு. ஆகவே இந்தப் பந்தயம் எப்போது பிறந்தது என்று என்னைக் கேட்டால் 1940 என்று சொல்லி நிறுத்த மாட்டேன். 1940இல் ஒரு தகப்பன் தன் பிள்ளைகள் ஓட ஒரு தெருவைத் தேடிக் கொடுத்தார். 1947இல் ஒரு ஊர் அந்தத் தெருவைத் தன் இறந்தவர்களுக்குக் கொடுத்தது. இன்று ஓடுவது இரண்டாவது பந்தயம்.

அமெரிக்க சைக்கிள் வீரர்களுக்கான புகழ்க்கூடம் 1986இல் உருவானபோது அது சோமர்வில்லில்தான் இருந்தது. இந்தப் பந்தயம் இருக்கும் ஊர் என்பதால் அது இயல்பாக இருந்தது. பிறகு அது இடம் பெயர்ந்து, 2010இல் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் கதவு திறந்தது. பழைய சைக்கிள்களையும் பதக்கங்களையும் படங்களையும் லாரியில் ஏற்றி நாட்டின் இன்னொரு கரைக்குக் கொண்டுபோக முடிந்தது. பந்தயத்தை அப்படிக் கொண்டுபோக முடியாது. வேறு எந்த ஊரும் 50 மைல் ஓட்டம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம், இதைவிடப் பெரிய பரிசும் கொடுக்கலாம். ஆனால் அந்தத் தெருக்களில் ஜெயித்து, போருக்குப் போய்த் திரும்பாத அந்த இருவரும் சோமர்வில்லுக்கு உரியவர்கள்.